பதினேழாம் வீட்டுக் கண்ணாடி

அத்தியாயம் 6

ஒரு விரல் அகலம், ஒரு சாண் நீளம். கண்ணாடிக் கடையில் கழிவென்று மூலையில் தள்ளிவிடும் துண்டு. அந்தத் துண்டு இன்று காலை இரண்டாம் முறையாக உடைந்திருந்தது. அதனால் நாற்பத்தெட்டுக் குடும்பங்கள் தெருவுக்கு வரவிருந்தன.

எடப்பாடிக்கு வெளியே, கல்லுக்காட்டு நெசவாளர் காலனி. பதினேழாம் எண் வீட்டின் தறி அறையில் மைதிலி அந்தத் துண்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள், இப்போது சேலத்தில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். பக்கத்தில் நின்ற காளிதாஸ் இருபது வருடம், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி ஓட்டியவர். இப்போது அவளுடைய காரையும், அதைவிட வேகமாகத் தன் வாயையும் ஓட்டுகிறார்.

“மணி ரெண்டு இருவது, அம்மிணி. அதிகாரி வாரது நாலு மணிக்கு. பொணம் இல்ல, கத்தி இல்ல, ஒரே ஒரு சில்லுக் கண்ணாடி. நம்ம தொழில் இப்படியா தேயணும்?”

“பேசாம டார்ச் அடிங்க அண்ணா.”

வாசலில் நின்ற சௌந்திரம் முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பது தாண்டியவள், பழுதுபார்ப்புக் குழுவின் தலைவி. காலையில் போன் செய்து மைதிலியை வரவழைத்ததும் அவள்தான்.

விஷயம் இதுதான். நாற்பது வருடத்துக் காலனி. கூரைக் கம்பிகள் துருவேறி, தூங்குகிறவன் முகத்தில் காரை விழுகிற நிலை. இடித்துவிட்டு எல்லோரையும் ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பிவிடலாம் என்றது அரசாங்கம். மூன்றாவது மாடியில் விசைத்தறி போட முடியுமா? தறி போனால் சோறும் போகும். அதனால் சௌந்திரம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். திருச்செங்கோட்டு ரிக் முதலாளிகள் சிலர் சிமென்ட்டும் கம்பியும் கொடுத்தார்கள். ஜெகதீஸ்வரன் என்ற கல்லூரி என்ஜினீயர் சும்மாவே வரைபடம் போட்டுக் கொடுத்தார். வேலை செய்வது மட்டும் காலனி மக்கள். முதல் வீடாகப் பதினேழை எடுத்துப் புதுக் கூரை போட்டு முடித்துவிட்டார்கள். இன்று அதிகாரி பார்த்துச் சரி என்றால் மற்ற நாற்பத்தேழையும் இப்படியே புதுப்பிக்கலாம். இல்லை என்றால் இடிப்புதான்.

பின்சுவரில் ஒரு பழைய விரிசல். அதைப் பூசி, குறுக்கே மூன்று இடத்தில் கண்ணாடித் துண்டு ஒட்டிவிட்டுப் போயிருந்தார் என்ஜினீயர். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் அன்றைக்கே வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்பது அவர் போட்ட கட்டளை.

“நேத்து ஒண்ணு ஒடஞ்சுது. நானே வேற வாங்கி ஒட்டிப்போட்டேன்,” என்றாள் சௌந்திரம். “இன்னிக்கு மறுபடியும். எல்லாம் அந்த மோகன்குமார் வேலைதானுங்க. மனை வாங்கி விக்கறவன், ரோட்டோர எடம்னு கண்ணு வெச்சுட்டான். நீங்க அவனப் புடிச்சுக் குடுத்தாப் போதும், அம்மிணி.”

மைதிலி விரல் நுனியால் விரிசலைத் தொட்டுக் காட்டினாள். “அக்கா, விரிசல் இங்க போகுது. கண்ணாடி ஒடஞ்சது ரெண்டு விரக்கடை தள்ளி. சுவர் இழுத்திருந்தா விரிசல் மேலயே பிளந்திருக்கும். இது சுவர் ஒடச்சதில்ல. கை ஒடச்சது.”

“அதத்தானே நானும் சொல்றேன்! அவன்தான்.”

“கீழ விழுந்த சில்லு எங்கே?”

யாருக்கும் தெரியவில்லை. தறியை நிறுத்திவிட்டு வந்த வீட்டுக்காரி சரிதா கையைத் துடைத்துக்கொண்டாள். முப்பது வயது. புருஷன் லாரியில் வடநாடு போயிருக்கிறான். “நான் கூட்டலீங்க. நூல் வாங்கப் போயிட்டு வந்தேன், கண்ணாடி ஒடஞ்சிருந்துச்சு. தரை சுத்தமா இருந்துச்சுங்க.”

மைதிலி எழுந்து அறையைச் சுற்றி வந்தாள். ஜன்னலுக்கு மேலே, சரிதாவுக்கு எட்டாத உயரத்தில் ஒரு பலகை. அதன்மேல் ஒரு சின்னப் பொட்டலம். காளிதாஸ் எடுத்துப் பிரித்தார். சிமென்ட் சாக்கின் கிழிசலில் பத்திரமாகப் பொதிந்த கண்ணாடிச் சில்லுகள்.

சரிதாவின் கால்களை மைதிலி பார்த்தாள். தறிக்காரர்கள் எல்லோரையும் போல அவளும் வெறுங்காலோடுதான் நின்றாள்.

“ஊட்டை இடிக்கப் பாக்கறவன், அந்த ஊட்டுக்காரி கால்ல குத்தும்னு குனிஞ்சு பொறுக்குவானா?” என்றார் காளிதாஸ். “மோகன்குமார் அத்தன நல்லவனா இருந்தா நானே அவனுக்குப் பொண்ணு பாத்துத் தாரேன்.”

சௌந்திரம் சிரிக்கவில்லை. “அதிகாரிய வரவேற்கப் பந்தல் வேல கெடக்குது, வாரேன்,” என்று வெளியே போய்விட்டாள். சரிதா மறுபடி மோட்டாரைப் போட்டாள். தறி தடதடவென்று ஆரம்பித்தது. அதிகாரி வரும்போது தறி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது சௌந்திரத்தின் ஏற்பாடு.

வாசல் தாண்டியதும் காளிதாஸின் மொட்டைத் தலையில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. கூரைத் தூம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“சுத்தம். போன வாரம்தான் மொட்ட போட்டேன், அதுக்குள்ள அபிசேகம்.”

“மேல யாரோ இருக்காங்க. வாங்க.”

பக்கச் சுவரை ஒட்டிய குறுகல் படியில் ஏறினார்கள். கூரை முழுவதும் ஈரச் சாக்கு விரித்திருந்தது. நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு மனிதர் குடத்திலிருந்து தண்ணீரைச் சாக்கின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தார். காலனியின் கொத்தனார் அங்கமுத்து. அதே காலனியில் நாற்பதாம் எண் வீட்டுக்காரர்.

சிமென்ட் சாக்கு புழங்கும் கை, அந்தப் பலகைக்கு எட்டும் உயரம். மைதிலி சுற்றி வளைக்கவில்லை. “கண்ணாடிய எத்தன தடவ ஒடச்சீங்க அண்ணா?”

குடம் பாதியில் நின்றது. அவர் முகத்தில் கோபமோ பயமோ வரவில்லை. களைப்புதான் தெரிந்தது.

“ரெண்டு தடவ.”

காளிதாஸ் கொட்டாவி விடப் போனவர் வாயை மூடிக்கொண்டார். இத்தனை சுலபமாக ஒப்புக்கொள்ளும் குற்றவாளியை அவர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை.

“ஏன்?”

“கண்ணாடி ஒடஞ்சா ஊட்டக் காலி பண்ணோணும்னு என்ஜினீயர் சொல்லியிருக்காருங்க. யாரும் பண்ணல. புதுக் கண்ணாடி ஒட்டிட்டாங்க.” குடத்தைக் கீழே வைத்தார். “நாலு மணிக்கு முன்னால அந்தச் சரிதாப் புள்ளைய எப்படியாவது வெளிய கூட்டிட்டுப் போயிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அதுக்கு மேல எங்கிட்ட எதையும் கேக்காதீங்க.”

“கேட்டா என்ன?”

“சொன்னா காலனி போயிரும். சொல்லாட்டி...” சாக்கைப் பார்த்தபடி நின்றார். பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் கொண்டுவர இறங்கிப் போய்விட்டார்.

கீழே வந்ததும் மைதிலி வாசல் சுவரில் மாட்டியிருந்த கரும்பலகைமுன் நின்றாள். என்ஜினீயர் வைக்கச் சொன்ன பலகை. கூரை வார்த்த நாள், மூன்றாம் தேதி. முட்டு எடுக்க வேண்டியது இருபத்தொரு நாள் கழித்து. முட்டு என்றால் புதுக் கூரையைத் தாங்க அடியில் கொடுக்கும் சவுக்குக் கம்பங்கள். அவற்றை இருபத்து நான்காம் தேதி எடுத்ததாகவும் எழுதியிருந்தது. எல்லாம் ஒரே கையெழுத்து, கீழே சௌந்திரம் என்ற பெயரும். இன்று இருபத்தாறு.

“எல்லாம் சரியாத்தான இருக்குது,” என்றார் காளிதாஸ். “எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இருவத்து மூணு நாளான கூரைக்கு இன்னும் ஏனுங்க ஈரச் சாக்கு? மீசை மொளச்ச பையன இடுப்புல வெச்சுக் குளிப்பாட்டற மாதிரி.”

மைதிலி சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் பல சமயம் வாய்க்கு வந்ததைச் சொல்வார். சில சமயம் அதற்குள் வழக்கே இருக்கும்.

அதற்குள் தெருமுனையில் ஹாரன் கேட்டது. அதிகாரியின் ஜீப். மணி மூன்று ஐந்துதான் ஆகியிருந்தது. பந்தலில் காத்திருந்த மேளக்காரர்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். “குழுக்காரங்க எல்லாம் பதினேழு மேல ஏறுங்க! போட்டோ! சாக்கையெல்லாம் சுருட்டி ஓரமாப் போடுங்க!” என்று பந்தலிலிருந்து சௌந்திரத்தின் குரல் வந்தது. வேட்டியும் சேலையுமாக ஒரு கூட்டம் குறுகல் படியில் ஏறத் தொடங்கியது. எதிர் டீக்கடையில் வெள்ளைக் காரின்மேல் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த மோகன்குமார், தன் நிலத்தைப் பார்ப்பதுபோல் காலனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மைதிலி தறி அறைக்குள் ஓடினாள், காளிதாஸ் பின்னாலேயே. சத்தத்துக்கு மேலே கத்தினாள். “சரிதா! இந்தக் கூரை வார்த்த அன்னிக்கு யாரெல்லாம் வேல செஞ்சீங்க?”

“எல்லாருமுங்க!” சரிதா தறியிலிருந்து கண்ணை எடுக்காமல் கத்தினாள். பெருமையாகவே சொன்னாள். “நாப்பத்தெட்டு ஊடும் வந்துச்சு! வெடியக்காலைல இருந்து சட்டி கை மாத்தினோம்! காலனியில அன்னிக்கு ஒரு தறி ஓடலீங்க!”

“காளியண்ணா, இந்த ஊர்ல எல்லாத் தறியும் ஒண்ணா எப்ப நிக்கும்?”

“கரண்ட் போனா நிக்கும். இல்லாட்டி அமாவாசைக்கு. அமாவாசையில தறி தொடமாட்டாங்க அம்மிணி. மத்த நாள்ல கூலிய உட்டுப்போட்டு ஓசி வேலைக்கு எவன் வருவான்?”

“மூணாந்தேதி அமாவாசையா?”

“அது திங்கக்கிழமைங்க. அமாவாசை இருவதாந்தேதி. நம்ம காருக்கு எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கினேன், சாறு தெறிச்சுதுன்னு நீங்ககூடத் திட்டினீங்க.” அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். இருபத்தொன்று, இருபத்திரண்டு... ஆறாவது விரலோடு கை நின்றுவிட்டது.

ஆறு நாள். இருபத்து மூன்று இல்லை, ஆறே நாள். முட்டுகளை எடுத்தது நான்காம் நாள். முட்டு நின்ற இடத்தில் தறி ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

மைதிலி அண்ணாந்தாள். பூச்சுப் பூசாத புதுக் கூரையின் அடிப்பக்கம் இன்னும் ஈரக் கருமையாகவே இருந்தது. தறிக்கு நேர் மேலே மயிரிழை போல ஒரு கோடு. அதிலிருந்து மாவு போலத் தூள் உதிர்ந்து, நெய்துகொண்டிருந்த வெள்ளைத் துணிமேல் படிந்தது.

“மேல இருக்கறவங்கள எறக்குங்க அண்ணா. விழப் போகுதுன்னு மட்டும் சொல்லாதீங்க. ஓடினா குதிப்பாங்க, குதிச்சா...”

“தெரியுதுங்க.” காளிதாஸ் போய்விட்டார். இருபது வருடம் ரிக் வண்டிக்கு வழிவிடச் சொல்லிக் கத்திய தொண்டை வெளியே முழங்கியது. “ஏனுங்க, வெயில் எதுத்தாப்ல அடிக்குது! போட்டோல மூஞ்சி எல்லாம் கருப்பாத்தான் விழும்! போட்டோக்காரர் கீழயே எடுக்கறாராமா! பெரியவங்க மொதல்ல, ஒவ்வொருத்தரா! மெதுவா வாரவங்களுக்குத்தான் முன்வரிசை!”

உள்ளே மைதிலி சரிதாவின் தோளைப் பிடித்தாள். “நிறுத்து. வெளிய வா.”

“ஐயோ, பாதியில நிறுத்தினா நூல் அறுந்துரும்! அதிகாரி வர்றப்ப ஓடோணும்னு சௌந்திரக்கா சொல்லியிருக்குது...”

“சரிதா, மேல பாரு.”

சரிதா மேலே பார்த்தாள். தூள் அவள் கண்ணிமையில் விழுந்தது. அவள் கை மோட்டார் சுவிட்சை நோக்கிப் போகவில்லை, தறியில் விரிந்திருந்த பாவு நூலின்மேல் போய் அதை மூடிக்கொண்டது. மைதிலிதான் எட்டிச் சுவிட்சை அணைத்தாள். தறி நின்றதும், மேலே நடக்கும் கால்களின் சத்தம் தெளிவாகக் கேட்டது. தப், தப், தப். எண்ணிக்கொண்டே சரிதாவை இழுத்தாள். நிலைப்படிக்கு வரும் முன்னால் தலைக்கு மேலே சுள்ளி ஒடிந்தது போல ஒரு சத்தம். கையகலக் கான்கிரீட் சில்லு ஒன்று சரிதா நின்றிருந்த இடத்தில் விழுந்து நொறுங்கியது.

வெளியே கடைசி ஆள் படியிலிருந்து தரையில் கால் வைத்தான். காளிதாஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“அங்கமுத்து அண்ணா!” மைதிலி கத்தினாள். “முட்டு!”

அவர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார். கொல்லைப்புறத்தில் அடுக்கியிருந்த சவுக்குக் கம்பங்களை நான்கு பேர் தோளில் தூக்கி வந்தார்கள். அவர் மட்டும் முதலில் உள்ளே போனார், மற்றவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு. ஒரு கம்பம். ஆப்பு அடிக்கும் சத்தம். இரண்டாவது. மூன்றாவது. மேளம் நின்றுபோயிருந்தது. காலனி மொத்தமும் அந்தச் சுத்தியல் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தது. பதினோராவது கம்பத்துக்குப் பிறகுதான் அங்கமுத்து வெளியே வந்து சுவரில் சாய்ந்தார்.

அதிகாரி வீரபாகு மாலையும் கழுத்துமாக நின்றிருந்தார். அதிகம் பேசாதவர். இப்போது பேசினார். “என்ன நடக்குது இங்க?”

டீக்கடையிலிருந்து மோகன்குமார் வந்துவிட்டான். “நான்தான் சொன்னேனுங்களே. இதெல்லாம் தானா விழற ஊடுங்க. கண்ணாடிகூட ஒடஞ்சு கெடக்குது, பாருங்க.”

வீரபாகு மைதிலியிடம் திரும்பினார். “நீங்கதான் துப்பறியறவங்களா? கண்ணாடிய ஒடச்சது யாரு?”

காளிதாஸ் அவள் காதோரம் முணுமுணுத்தார். “இவன் பேரச் சொல்லிப்போடுங்க அம்மிணி. எப்படியும் நாளைக்கு ஏதாவது பண்ணத்தான் போறான். அட்வான்ஸா வெச்சுக்கலாம்.”

ஆசையாகத்தான் இருந்தது. ஒரு பெயர் போதும். காலனி தப்பிக்கும், கொத்தனார் தப்பிப்பார், அயோக்கியன் ஒருவன் மாட்டிக்கொள்வான். ஆனால் மைதிலி மோகன்குமாரைப் பார்க்கவில்லை. கரும்பலகையைப் பார்த்தாள். பிறகு, அதில் எழுதிய கைக்குச் சொந்தக்காரியைப் பார்த்தாள். காலையில் தன்னைக் கூப்பிட்டவளை.

“அக்கா, நான் சொல்லட்டுமா? நீங்க சொல்றீங்களா?”

சௌந்திரம் சரிதாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரிதாவின் தலைமுடியில் இன்னும் வெள்ளைத் தூள் இருந்தது. சௌந்திரம் அருகே போய் அதைத் தட்டிவிட்டாள்.

“கண்ணாடிய ஒடச்சது அங்கமுத்துங்க,” என்றாள் அதிகாரியிடம். “ஒடைக்க வெச்சது நானு.”

கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

“மூணாந்தேதி கூரை போட்டர்றோம்னு என்ஜினீயருகிட்டச் சொன்னேன். அவரு பரிச்சை வேலையா வெளியூரு போயிட்டாரு. அன்னிக்கு ஒருத்தரும் வரல. தறிய உட்டுப்போட்டு எப்படி வருவாங்க? அமாவாசைக்குத்தான் வந்தாங்க. நீங்க இருவத்தாறு வர்றீங்கன்னு கடுதாசி வந்திருச்சு. என்ஜினீயருகிட்ட, போட்டாச்சுங்கன்னு போன்ல பொய் சொன்னேன். பலகையில மூணுன்னு எழுதினேன். சரிதா மூணு வாரம் தறி இல்லாம என்ன பண்ணுவா? கல்லாட்டம் எறுகிருச்சு, இருவத்தொரு நாளெல்லாம் படிச்சவங்க சொல்றதுன்னு நெனச்சுப்போட்டேன். அங்கமுத்து தம்மம்பட்டிக் கல்யாணத்துக்குப் போன நேரமாப் பாத்து முட்ட எடுக்கச் சொன்னதும் நான்தான். திரும்பி வந்து, மறுபடி முட்டுக் குடுத்தரலாம்னு கெஞ்சினான். ரெண்டு நாள் பொறுன்னேன்.” சரிதாவின் பக்கம் திரும்பினாள். “காலனியக் காப்பாத்தோணும்னுதானுங்க. அதுக்கு இந்தப் புள்ளைய...”

யாரும் அவளைச் சமாதானம் செய்ய வரவில்லை.

வீரபாகு மாலையைக் கழற்றி ஜீப்பில் வைத்தார். பதினேழாம் வீட்டு வாசலில் நின்று உள்ளே முட்டுகளை எண்ணினார். வெகு நேரம் எண்ணியது போலிருந்தது. பிறகு ஃபைலை மூடினார்.

“இன்னிக்கு நான் எதுவும் எழுதப் போறதில்ல. நல்லதுன்னும் எழுதல, கெட்டதுன்னும் எழுதல. உண்மையான தேதியிலருந்து நாளக் கணக்குப் பண்ணி முட்டு எடுங்க. அப்ப என்ஜினீயரக் கூட்டிக்கிட்டு வருவேன். அவர் தட்டிப் பாத்து, விரிசலும் பாத்துச் சரின்னா மத்த வீடுங்க. இடிக்கணும்னு சொன்னா இடிப்பு.” சௌந்திரத்தைப் பார்த்தார். “குழு சார்பா கையெழுத்துப் போட நீங்க வேண்டாம்மா. வேற ஆளு வரட்டும்.”

சௌந்திரம் தலையாட்டினாள்.

“அப்ப நானு?” என்றான் மோகன்குமார்.

“உங்களுக்கு டீ ஆறிப்போச்சுங்க,” என்றார் காளிதாஸ்.

ஜீப் போனபின் சரிதா வாசல்படியில் உட்கார்ந்து அழுதாள். உயிர் பிழைத்ததற்காக அல்ல. முட்டுகளுக்கு நடுவே தன் தறி மாட்டிக்கொண்டிருந்ததற்காக. இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் அந்த அறைக்குள் யாரும் கால் வைக்க முடியாது. சௌந்திரம் அவள் எதிரில் வந்து நின்று, இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவள் மடியில் போட்டாள்.

“எந்தறில பாவு ஏத்தி வெச்சிருக்குது. போயி ஓட்டு, சாமி. முட்டு எடுக்கற வரைக்கும் கூலி உன்னுது.”

“அப்ப நீங்க என்னக்கா பண்ணுவீங்க?”

சௌந்திரம் கரும்பலகையின் முன்னால் போய், மூன்று, இருபத்து நான்கு என்ற இரண்டு எண்களையும் உள்ளங்கையால் அழித்தாள். சுண்ணாம்புக்கட்டியை எடுத்தாள். எழுதப் போனவள் நிறுத்திவிட்டு, அதை அங்கமுத்துவிடம் நீட்டினாள். படிப்பு அதிகம் இல்லாத அந்த மனிதர் நிதானமாக, கோணல் மாணலாக, இருபது என்று எழுதினார். கீழே இருபத்தொரு நாளை விரல் விட்டு எண்ணி, அடுத்த மாதம் பதினொன்று என்று எழுதினார். சரியா என்று இரண்டு முறை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

மைதிலி காரில் ஏறும்போது சௌந்திரத்தின் வீட்டிலிருந்து தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. பதினேழாம் வீட்டுப் படியில் சௌந்திரம் இடுப்பில் குடத்தோடு ஏறிக்கொண்டிருந்தாள். மேலே அங்கமுத்து சுருட்டிப் போட்ட சாக்குகளை மறுபடி விரித்துக்கொண்டிருந்தார். அவள் கடைசிப் படியில் தயங்கி, மேலே கால் வைக்கலாமா என்று அவரைக் கேட்டாள். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டி, குனிந்து குடத்தை வாங்கிக்கொண்டார்.